கால்மிதி இன்னும் காயவில்லை

கோயம்புத்தூர்
தை 8

அன்புள்ள கண்ணு,

நீ அவசரத்தில் விட்டுவிட்டுப் போன கார் கால்மிதி கொல்லைக் கொடியில் தொங்குகிறது. மூன்று நாள் வெயில் பட்டும் அடிப்பஞ்சில் ஈரம் போகவில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, பார்க்கிறேம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இடது பக்கம் அடிபட்டு, வொர்க்ஷாப்பில் சரிசெய்து வாங்கினாயே, அந்த வண்டியைப் பற்றித்தான். நிதானமாகப் படி, படித்ததும் தூக்கிப் போட்டுவிடாதே.

மாட்டுப்பொங்கல் அன்று காலையில் உன் தம்பி வண்டியைக் கழுவினான் அல்லவா? மத்தியானம் கரும்புக் கட்டை எடுக்கக் கதவைத் திறந்தேன். முன்னால் இடது பக்கம் கால்மிதி சொதசொதவென்று கிடந்தது. முதலில் ஏசித் தண்ணீர் என்றுதான் நினைத்தேன். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் அந்தப் பக்கம்தான் இறங்கும். ஆனால் இந்தக் குளிரில் ஏசியே போடவில்லை என்று நீதான் வந்ததும் சொன்னாய். ஒரு சொம்புத் தண்ணீரை முன்கண்ணாடிக்குக் கீழே ஊற்றிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. கதவின் மேல் விளிம்பில் ஊற்றினேன். ரப்பர் பீடிங் ஓரமாக உள்ளே வழிந்தது. அதற்குப் பிறகு நான் சும்மா இருப்பேனா? நீங்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிய நேரத்தில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினேன். பண்டிகை நாளில் உன் முகம் வாட வேண்டாம் என்று அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

இடது கதவுக்கும் ஃபெண்டருக்கும், அதாவது முன்சக்கரத்துக்கு மேலே மூடும் தகரத்துக்கும், நடுவில் மேலே என் சுண்டுவிரல் போகிறது, கீழே நகம் நுழையவில்லை. வலது பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளி. நிழலில் பார்த்தால் நிறம் பொருந்தியதாகத்தான் தெரிகிறது. நாலு மணி வெயில் சாய்ந்து விழுந்தபோது ஃபெண்டர் ஒரு சாம்பலாகவும் கதவு இன்னொரு சாம்பலாகவும் நின்றன. உன்னுடையது மெட்டாலிக் நிறம், உள்ளே அலுமினியத் துகள் இருக்கிறது. ஸ்ப்ரே கன்னின் காற்றும் தூரமும் கொஞ்சம் மாறினால் துகள் படுத்துக்கொள்ளும் விதமும் மாறும், ஒரே டப்பாப் பெயின்ட் இரண்டு நிறமாகத் தெரியும். அதற்காகத்தான் நல்ல பெயின்டர் பக்கத்துக் கதவின் மேலும் கலரைக் கொஞ்சம் படரவிட்டு, அப்புறம் முழுசாக நிறமில்லாத மேல்பூச்சான கிளியர் கோட் அடிப்பார். இங்கே அந்த வேலையே நடக்கவில்லை. பீடிங் ரப்பர் மேல்கூட சாம்பல் புகை படிந்திருக்கிறது. கேட்டால் வொர்க்ஷாப் அட்வைசர் பையன் ஒரு பதில் வைத்திருப்பான்: "மேடம், கம்பெனியில் வெறும் பாடியை 140 டிகிரியில் சுடுகிறார்கள், எங்கள் பெயின்ட் பூத்தில் 60 டிகிரிதான், அச்சு அசலாக வராது." பாதி உண்மை. பிளாஸ்டிக்கும் ஒயரும் மாட்டிய முழு வண்டியை அதற்கு மேல் சூடாக்க முடியாதுதான். ஆனால் படரவிடாததற்கும் சூட்டுக்கும் என்ன சம்பந்தம்?

இதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. நிறம் கொஞ்சம் முன்பின் இருந்தால் வண்டி ஓடாமல் போகாது.

ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனேன். வலது ஃபெண்டரில் கப்பென்று பிடித்தது. இடது ஃபெண்டரில் சக்கர வளைவுக்கு மேலே ஒரு சாண் அகலத்துக்கு எங்கே வைத்தாலும் வழுக்கி விழுந்தது. தகரத்துக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் கனமாகப் பட்டி இருக்கிறது என்று அர்த்தம். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பில்லை எடுத்துப் பார்த்தேன். "இடது ஃபெண்டர், புதிது, 1". புதுத் தகரத்துக்கு எதற்கு அத்தனை பட்டி? பானட்டைத் திறந்து ஃபெண்டர் போல்ட்டுகளைப் பார்த்தேன். கம்பெனியில் பாடியோடு சேர்த்து அடித்த பெயின்ட் போல்ட் தலைகளின் மேல் அப்படியே இருக்கிறது, ஒரு கீறல் இல்லை. ஸ்பேனர் பட்டிருந்தால் மூலையிலாவது உரிந்திருக்கும். அந்த ஃபெண்டரைக் கழற்றவே இல்லை, கண்ணு. வெளியில் இருந்தே இழுத்து, பட்டி பூசி, தேய்த்து, அடித்துவிட்டார்கள்.

வண்டிக்கு மூன்று வருஷம் முடிந்து நான்காவது நடக்கிறது. அந்த வயசுக்கு இன்சூரன்ஸில் உலோக பாகங்களுக்கு 25 சதவீதம் தேய்மானம் பிடிப்பார்கள், பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் 50. தேய்மானம் பிடிக்காத பம்பர் டு பம்பர் பாலிசி எடு என்று நான் சொன்னபோது நீ கேட்கவில்லை, அது வேறு கதை. ஆக, வராத புதுத் தகரத்துக்குக் கால் பங்கு உன்னிடமும் முக்கால் பங்கு இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் வாங்கியிருக்கிறார்கள்.

ஆயிரம் ரூபாய்தானே, போகட்டும் என்பாய். போகட்டும். எனக்கு வயிற்றைக் கலக்குவது பில்லின் அடுத்த வரி. "ஏப்ரன் நிமிர்த்தியது". ஏப்ரன் என்பது ஃபெண்டருக்குப் பின்னால் இருக்கும் உள் தகரம். முன்சக்கரத்தின் ஸ்ட்ரட், அதாவது ஷாக் அப்சார்பர் தூண், மேலே பிடித்து நிற்பது அந்தப் பகுதியில்தான். ஃபெண்டரைக் கழற்றாமல் அதை எப்படி நிமிர்த்தினார்கள்? ஒழுங்காகப் பார்த்தாவது இருப்பார்களா?

நீ வந்த அன்று காபி குடித்துக்கொண்டே சொன்னாய்: தொப்பூர் இறக்கத்தில் வண்டி இடது பக்கம் இழுக்கிறது, லாரிகளுக்கு நடுவில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தே வந்தேன் என்று. சிரித்துக்கொண்டு வேறு சொன்னாய். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து வைத்து டயரைத் தடவிப் பார்த்தேன். ஆடியில் நான்கும் ஒன்றாகத்தான் போட்டாய். வலது டயர் இன்னும் புதுசு மாதிரி இருக்கிறது. இடதில் உள் ஓரம் மட்டும் தேய்ந்து ரம்பம் போலக் கையை இழுக்கிறது. "அலைன்மென்ட் பார்த்துட்டாங்கம்மா" என்றாயே, அந்தக் காகிதத்தைக் கொடுத்தார்களா? டோ என்கிற அளவு, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பது, தப்பினால் ஸ்டியரிங்கோடு சேரும் டை ராடைத் திருகிச் சரிசெய்துவிடலாம். கேம்பர், அதாவது சக்கரம் மேலே உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் அளவு, அப்படியில்லை. உன் வண்டி மாதிரிச் சின்ன வண்டிகளில் முன்பக்கம் அதைத் திருகவே பெரும்பாலும் இடம் இருக்காது. அது தப்பியிருந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது என்றுதான் பொருள். சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மாக இருக்கலாம், நக்கிளாக இருக்கலாம், ஸ்ட்ரட்டோ அதைப் பிடித்திருக்கும் ஏப்ரனோகூட இருக்கலாம். ஏர்பேக் விளக்கு மட்டும் சாவி போட்டதும் எரிந்து சில நொடியில் ஒழுங்காக அணைந்தது. எரியாமலே இருந்திருந்தால் இன்னும் பயந்திருப்பேன்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கமாட்டாய். மேட்டுப்பாளையம் ரோட்டில் உங்கப்பாவின் டிங்கரிங் கடையில் 26 வருஷம் கணக்கு எழுதியவள் நான். உன் யூனிஃபார்மில் தின்னர் வாசனை அடிக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? பூத் எல்லாம் இல்லாத காலம். தூசி பறக்காமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு, காற்று எழும்புவதற்கு முன்னால் விடியற்காலையிலேயே பெயின்ட் அடிப்பார்.

ஆனால் உனக்குச் சொல்லாத ஒன்றும் அந்தக் கடையில் இருக்கிறது.

1996-இல் சூலூரில் இருந்து ஒரு வாத்தியார் மாருதி 800 கொண்டுவந்தார். இடது பக்க ரன்னிங் போர்டு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரம், நசுங்கியிருந்தது. வெட்டிப் புதுத் துண்டு வைத்து வெல்டு பண்ண வேண்டிய வேலை. துண்டு வந்து சேரவில்லை. மாசி முகூர்த்தம், அவர் வீட்டில் கல்யாணம், வண்டி உடனே வேண்டும். உங்கப்பா பாதி அடித்து நிமிர்த்தி, மீதியைப் பட்டியால் நிரப்பினார். பில் எழுதும்போது என் முகத்தைப் பார்க்காமல் "மாத்தினதாவே எழுதிடு" என்றார். எழுதினேன். "ரன்னிங் போர்டு வெட்டி மாற்றியது". என் கையெழுத்துதான்.

ஐப்பசி மழையில் அவருக்குப் பல்லடம் ரோட்டில் டயர் பஞ்சர். ஜாக்கி கொடுத்துத் தூக்கியிருக்கிறார், பட்டி பலகையாகக் கழன்று வந்துவிட்டது. அதைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து என் மேஜை மேல் வைத்தார். "இது உங்களுடையதுதானே?" என்று மட்டும் கேட்டார். சத்தம் இல்லை, திட்டு இல்லை. பில்லையும் பக்கத்தில் விரித்து வைத்தார். அந்த வரியை நான் படிக்க வேண்டியிருந்தது.

உங்கப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. வண்டியை வரவழைத்து, துருப்பிடித்த தகரம் முழுசையும் வெட்டி எடுத்துப் புதிதாக வைத்தார், பைசா வாங்கவில்லை. அதற்குப் பிறகு செய்யாத வேலையை எழுதச் சொன்னதும் இல்லை. நல்ல மனுஷர்தான், ஆனாலும் அந்த எட்டு மாசம் ஒரு குடும்பம் அந்த வண்டியில் போய் வந்துகொண்டிருந்தது.

கடைக்கு வந்து கத்தினவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு டீ வரும், ஒரு டச்-அப்பும் கிடைக்கும். பில்லையும் பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவருக்குத்தான் வேலை நடந்தது. நீயும் அப்படிப் போ. உனக்குக் கோபம் வந்தால் குரல் நடுங்கும், உன் அப்பாவுக்கு மாதிரியே, அதனால் எழுதிக்கொண்டு போ. வண்டிக்கு அடித்த பையன் மேல் பாயாதே. அவனுக்குப் பெரும்பாலும் பேனல் கணக்கில் கூலி, ஒரு நாளைக்கு இத்தனை முடித்தால்தான் காசு. உன்னிடம் பேசுகிற அட்வைசருக்கு அந்தத் தகரத்தைத் தட்டியது யார் என்றே தெரியாமல் இருக்கலாம். மேனேஜரிடம் பேசு.

அதற்கு முன்னால், யாரையும் அதில் கை வைக்க விடாதே. "கொண்டுவாங்க மேடம், ஃப்ரீயா பாலிஷ் போட்டுத் தரோம்" என்பார்கள். பாலிஷ் போடும் சாக்கில் போல்ட்டைக் கழற்றி மாட்டிவிட்டால் உன் சாட்சி போச்சு. வெயிலில் படம் எடு, போல்ட் தலைகளைக் கிட்டத்தில் எடு, காந்தம் வழுக்குவதை வீடியோ எடு. சம்பந்தமில்லாத வேறொரு கடையில் அலைன்மென்ட் அளவு மட்டும் எடுக்கச் சொல், ஒரு நட்டையும் திருகக் கூடாது என்று சொல்லி, அச்சடித்த காகிதத்தை வாங்கிக்கொள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போட்டு சேதத்தைப் பார்த்து எழுதிய சர்வேயர் ரிப்போர்ட்டின் நகலைக் கேள், வண்டியை மறுபடி பார்க்க ஆள் அனுப்பச் சொல். சர்வேயர் மாற்ற வேண்டும் என்று எழுதியதை வொர்க்ஷாப்காரர்கள் மாற்றவில்லை என்றால் ஏமாந்ததில் கம்பெனிக்கும் பங்கு உண்டு, அவர்கள் காதில் விழும்.

திருப்தி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேனே என்று தயங்குவாய். கார்த்திகை தீபத்தன்று ராத்திரி ஏழு மணிக்கு, ட்யூப்லைட் வெளிச்சத்தில், மெழுகு போட்டுத் துடைத்த வண்டியைக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். கண்ணில் பட்டதற்குத்தான் நீ கையெழுத்துப் போட்டாய், பட்டிக்கு அடியில் இருப்பதற்கு இல்லை. இனிமேல் வண்டி எடுக்கப் பகலில் போ.

வொர்க்ஷாப்காரர்கள் மசியவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகாரைப் பதிவு பண்ணு. அதிலும் நடக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நீ குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம், இரண்டு வருஷம் அவகாசம், உன் தொகைக்குக் கட்டணமும் கிடையாது, வக்கீல் கட்டாயமும் இல்லை. இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் என்று யாராவது சொன்னால், அவர் இன்சூரன்ஸ் கம்பெனி மேல் உள்ள புகாரைத்தான் கேட்பார், வொர்க்ஷாப் மேல் உள்ளதை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. அவ்வளவு தூரம் போகாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போல்ட் படம் ஒன்றே போதும், மேனேஜர் உட்காரச் சொல்வார். ஃபெண்டரைக் கழற்றும்போது நீ அங்கே இருக்க வேண்டும், அதை மட்டும் விட்டுக்கொடுக்காதே.

அலைன்மென்ட் அளவு வரும்வரைக்கும் ஆபீசுக்கு மெட்ரோவில் போ. அளவு எடுக்கப் போகும்போதும் மெதுவாக, ஓரமாகப் போ. அந்த வளைந்த சக்கரத்தோடு நீ தொப்பூரைத் தாண்டித் திரும்பிப் போனதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை சில்லிடுகிறது. அன்றைக்கே சொல்லித் தடுத்திருக்க வேண்டும். பண்டிகை, உன் முகம், மறுநாள் உனக்கு ஆபீஸ் என்று பார்த்து விட்டுவிட்டேன். அது என் தப்புத்தான்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். கால்மிதியையும் காந்தத்தையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன், எள்ளுருண்டையும் இருக்கிறது. ஸ்டேஷனுக்குக் காரை எடுத்துக்கொண்டு வராதே. நான் ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன்.

அம்மா