வளைபாதத்துக்கு ஃப்ரேம் போடுற எலும்பு டாக்டர்களுக்கு, ஸ்பேனர் பிடிச்ச ஒரு அம்மாவோட மடல்

வணக்கம் டாக்டர். எந்த ஆஸ்பத்திரியையும் சொல்லி எழுதல, வளைபாதத்துக்கு வெளிக்கம்பி மாட்டுற எல்லாருக்கும் சேர்த்துதான்.

என் பையன் பொறக்கும்போதே வலது பாதம் உள்பக்கமா மடங்கி குதிகால் மேல தூக்கிட்டு இருந்துச்சு. கிரகணத்துல வெளிய போனியான்னு என்னைக் கேக்காத சொந்தம் இல்ல. பொன்செட்டி முறைல வாராவாரம் மாவுக்கட்டு மாத்தி, குதிகால் தசைநாரை லேசா வெட்டிவிட்டு நேராக்குனாங்க. அப்புறம் நாலு வயசு வரைக்கும் ராத்திரில போடணும்னு குடுத்த, நடுவுல கம்பி வச்ச ஷூவை நாங்க ஒண்ணரை வயசுலயே தூக்கி பரண்ல போட்டுட்டோம். புள்ள அழுதான், கால் நேராத்தானே இருக்குன்னு விட்டோம், எங்க தப்புதான். ஆனா அதை விட்டா கால் மறுபடி வளையும்னு யாரும் உக்கார வச்சு சொல்லவும் இல்ல. ஏழு வயசுல பாதத்தோட வெளி ஓரத்துலயே நடந்து நடந்து அங்க கல்லு மாதிரி காய்ப்பு.

அப்பதான் ஃப்ரேம்னு சொன்னாங்க, எலும்புல கம்பி குத்தி காலுக்கு வெளிய மாட்டுற கூடு. பயந்து போய் படிச்சுப் பாத்தேன். சோவியத்ல குர்கன்னு ஒரு ஊரு, டெல்லி பக்கத்துல இருக்குறது இல்ல, சைபீரியால இருக்குறது, அங்க இலிசரோவ்னு ஒரு டாக்டர் 1950கள்ல ஆரம்பிச்ச வேலை. ஒரே நாள்ல நிமித்தாம கொஞ்சம் கொஞ்சமா இழுத்தா எலும்பு மட்டும் இல்ல, தோலு, நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் கூடவே வளந்து குடுக்குமாம். இழுத்து நேராக்குற அதே வழில மும்பை டாக்டர் பி.பி. ஜோஷி லேசான கம்பிகளை வச்சு செஞ்சதுதான் ஜெஸ், என் பையனுக்கு மாட்டுனது அதான். முழங்காலுக்குக் கீழ எலும்புல, குதிகால்ல, விரலுக்குப் பின்னாடி எலும்புலன்னு மூணு இடத்துல கம்பி.

இப்ப விஷயத்துக்கு வரேன். தியேட்டர்ல நீங்க கம்பி மாட்டுறது சில மணி நேரம், காலை நிமித்துறது அதுக்கப்புறம் வாரக்கணக்குல நடக்குது, அதுவும் எங்க வீட்டுக் கூடத்துல. ஃப்ரேம்ல இருக்குற திருகை ஸ்பேனரால ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா கால் மில்லிமீட்டர் திருகணும், ராத்திரி ரெண்டு மணிக்கும் எந்திரிச்சு. பாதத்தோட உள்பக்கம் வெளிப்பக்கத்தை விட வேகமா போகணும். இவ்வளவு வேலையையும் டிஸ்சார்ஜ் அன்னிக்கு பில் கட்டுற அவசரத்துல அரை நிமிஷத்துல காட்டிட்டாங்க. ஒரு கம்பிய ரெண்டு நாள் தலைகீழா திருகியிருக்கேன் டாக்டர், அடுத்த செக்கப்லதான் தெரிஞ்சுது. அன்னிக்கு பஸ்ஸுல வர்றப்போ என் கையையே பாத்துட்டு வந்தேன்.

பாதம் நிமிர நிமிர விரலெல்லாம் கீழ மடங்க ஆரம்பிச்சுது, நான் ஏதோ ஒடச்சுட்டேன்னு நெனச்சேன். விரலைத் தூக்கிப் பிடிக்க ரப்பர் பட்டை மாட்டலாம், தெனமும் நீவி விடலாம்னு பிசியோதெரபி அக்கா சொல்லித்தான் தெரியும். கம்பி தோலுக்குள்ள போற எடத்துல சும்மா ஈரம் இருந்தா பயப்பட வேணாம், சிவந்து வலிச்சு சீழ் வந்தா ஓடி வரணும்னு சொல்லியிருந்தா எத்தனை ராத்திரி தூங்கியிருப்பேன்.

அதனால கேக்குறேன். வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி உங்க கண்ணு முன்னாடி எங்களையே திருக வைங்க, ஒரு தடவை இல்ல, ஒரு நாள் முழுக்க நாலு தடவை. எந்தக் கம்பி எந்தப் பக்கம்னு கலர் டேப் ஒட்டுங்க, நெயில் பாலிஷ் கூட போதும். தமிழ்ல ஒரு பக்கம் பேப்பர் குடுங்க. ராத்திரி கூப்பிட ஒரு போன் நம்பர். அப்புறம் ஃப்ரேம் கழட்டுனதும் முடிஞ்சுதுன்னு சொல்லாதீங்க, மாவுக்கட்டு இருக்கு, கால் மறுபடி வளையாம தாங்குற ஸ்பிளின்ட் இருக்கு, அதை விட்டா என்ன ஆகும்னு பாட்டி தாத்தாவையும் உக்கார வச்சு சொல்லுங்க, ஏன்னா புள்ள அழுதா மொதல்ல கழட்டி விடுறது அவங்கதான்.

பையன் இப்ப குதிகால் ஊனி நடக்குறான், அந்த டாக்டர் கைக்கு கோயில் கட்டலாம், அதுல சந்தேகமே இல்ல. நான் திருகுன ஒவ்வொரு தடவையும் நேரம் போட்டு எழுதுன நாப்பது பக்க நோட்டு ஒண்ணு இருக்கு, தலைகீழா திருகுன ரெண்டு நாளும் அதுல இருக்கு. அந்த ஒரு பக்க பேப்பர் தயார் பண்ண ஒதவும்னா சொல்லுங்க, ஜெராக்ஸ் எடுத்துட்டு நானே வரேன்.