ஆங்கூனில் மூன்று முறை கேட்ட கேள்வி

அன்புள்ள சேகர்,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை விடாமல் போட்டுவிடு.

ஜூன் மாதம் மகனோடு அலாஸ்காவில் ஜூனோ ஊருக்குப் போய்வந்தேன். அந்தப் பகுதிப் பழங்குடிகளான டிலிங்கிட், ஹைடா, சிம்ஷியான் மக்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அங்கே கூடும் 'செலிப்ரேஷன்' விழா, 1982 முதல் நடக்கிறது. ஆடுகிறவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டே மேடைக்கு வந்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் கவனித்தேன்: கறுப்புப் போர்வையின் முதுகில் சிவப்புத் துணியில் வெட்டித் தைத்த அண்டங்காக்கை, ஓரம் முழுக்க வெள்ளைச் சிப்பிப் பொத்தான்கள். முகம் தெரிவதற்கு முன்னால் குலச்சின்னம் தெரியவேண்டும்.

டிலிங்கிட் மக்களுக்குக் குலம் தாய்வழி; குலங்கள் காக்கை, கழுகு என்று இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கும். காக்கைப் பக்கத்தார் கழுகுப் பக்கத்தில்தான் சம்பந்தம் செய்யவேண்டும் என்பது பழைய முறை. பையனை ஆளாக்குவது தாய்மாமன் பொறுப்பு. ஒரு பக்கத்தில் சாவு விழுந்தால் எதிர்ப்பக்கத்தார் வந்து காரியம் பார்ப்பார்கள்; பிற்பாடு சாவு விழுந்த பக்கத்தார் பெரிய விருந்து வைத்து, போர்வையும் பணமும் கொடுத்து அந்தக் கடனைத் தீர்ப்பார்கள்.

ஆங்கூன் என்ற டிலிங்கிட் ஊரின் கதை இதை வைத்துத்தான் விளங்கும். 1882இல் திமிங்கில வேட்டைப் படகில் வெடிவிபத்தாகி அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் இறந்தார். ஊரார் 200 போர்வை ஈடு கேட்டார்கள். அவர்கள் வழக்கப்படி அது நியாயம். அமெரிக்கக் கடற்படையோ திருப்பி 400 போர்வை தண்டம் கேட்டது. முழுதும் வராததால் அக்டோபர் 26 அன்று ஊரைப் பீரங்கியால் சுட்டு, வீடுகளையும் குளிர்காலத்துக்குச் சேர்த்த உணவையும் கொளுத்தியது. ஆறு குழந்தைகள் செத்தன. தப்பிய ஒரே படகை வைத்துத்தான் மிச்சப்பேர் பிழைத்தார்களாம்.

1973இல் அரசிடமிருந்து ஈடாக 90,000 டாலர் வந்தது. மன்னிப்பு வரவில்லை. வருஷா வருஷம் அந்த நாளில் கூடி, "மன்னிப்புக் கேட்கக் கடற்படையிலிருந்து யாராவது வந்திருக்கிறீர்களா?" என்று மூன்று முறை கேட்டுவந்தார்கள். நீண்ட மௌனம்தான் பதிலாக இருந்தது.

142 வருஷம் கழித்து, 2024இல் அதே தேதியில், கடற்படையின் ரியர் அட்மிரல் மார்க் சுகாட்டோ ஆங்கூனுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவர்களுக்கு அரசாங்கமும் உண்டு. ஜூனோவில் டிலிங்கிட்-ஹைடா மத்தியக் குழு இருக்கிறது. தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் வருஷாவருஷம் கூடுகிறார்கள், தனி நீதிமன்றமும் நடக்கிறது. நிலத்துக்காக அரசின்மேல் வழக்குப்போட 1935இல் கிடைத்த சட்ட உரிமையில் பிறந்தது அது. ஆனாலும் இந்தக் கணக்கைத் தலைமுறை தலைமுறையாக மறக்காமல் வைத்திருந்தவை குலங்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் போர்வையின் படம் இரண்டு இதோடு வைத்திருக்கிறேன். கண் தெளிந்ததும் அம்மாவிடம் காட்டு. பொத்தான் தையலை அவர் உற்றுப் பார்ப்பார்.

அன்புடன்,
ரகு