சேலையோடு சைக்கிள் ஓடியவர்களை மறந்துவிட்டீர்களா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக சைக்கிள் தினத்தையொட்டிக் கொழும்பில் நடந்த சைக்கிள் பவனி பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் ஒரு படத்தின் கீழே "தயக்கத்தை உடைத்துச் சைக்கிளில் ஏறிய தமிழ்ப் பெண்கள்" என்று போட்டிருந்தீர்கள். அந்த வரி மனதில் தைத்துவிட்டது. எந்தத் தயக்கம், ஐயா? யாருடைய தயக்கம்? உங்கள் அலுவலகத்தில் யாழ்ப்பாணத்தவர் ஒருவராவது இல்லாமல் இருக்க முடியாது. "உங்கள் அம்மா எதில் வேலைக்குப் போனார்?" என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த வரி அச்சுக்குப் போயிருக்காது.

நான் பத்து வயதில் அப்பாவின் றலி சைக்கிளில், பாருக்குக் கீழே கால் விட்டு ஓடப் பழகியவள். 1987 இல் ஆசிரியை நியமனம் கிடைத்தது. கோண்டாவிலில் இருந்து பலாலி வீதியால் யாழ்ப்பாண நகரத்துக்குத் தினமும் லேடீஸ் சைக்கிளில்தான் போனேன், சேலையோடு. தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கொய்யகத்தை ஒரு கையால் ஒதுக்கி ஏற வேண்டும். சேலை சிக்காமல் இருக்கப் பின்சில்லுக்கு வலை கட்டியிருக்கும். முன்கூடையில் பிள்ளைகளின் கொப்பிகள். காலை ஏழு மணிக்கு அந்த வீதியில் நின்று பார்த்தால் என்னைப் போல எத்தனையோ பேர். யாரும் எங்களைப் படம் எடுக்கவில்லை. எடுக்க அதில் புதினம் எதுவும் இருக்கவில்லை.

1990 இல், போருக்குள், வடக்குக்கு அரசின் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் நின்றது. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் மண்ணெண்ணெயில் ஓடினார்கள், மற்ற எல்லோரும் உழக்கினோம். விறகும், நெல் மூட்டையும், காய்ச்சல்காரப் பிள்ளையும் சைக்கிளில்தான் போயின. பற்றரியும் கிடையாது. இரவில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்போம். தம்பிக்குக் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இறங்கிவிடும். "சுற்றடா, சுற்றடா" என்று அப்பா சத்தம் போடுவார்.

யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செம்மணியால், நாவற்குழிப் பாலத்தால், மழையில், லட்சக்கணக்கான சனம். ஏறி ஓட இடமில்லை. அம்மாவைக் கரியரில் இருத்தி, ஹாண்டிலின் இரண்டு பக்கமும் பை கொழுவி, விடியும்வரை உருட்டினேன். அந்தச் சைக்கிள் இல்லாவிட்டால் அம்மா பாலத்தைத் தாண்டியிருக்க மாட்டார். பிறகு அதைச் சாவகச்சேரியில் ஒரு உறவினர் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். திரும்பப் பார்க்கக் கிடைக்கவில்லை.

1997 இல் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்த பிறகு 25 வருடம் சைக்கிள் ஏறவில்லை. அதுவும் தயக்கத்தால் அல்ல. காலி வீதியில் பஸ்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு ஓடும்போது சைக்கிள்காரருக்கு மிஞ்சுவது மழைநீர் ஓடும் கானின் ஓரம் மட்டும்தான். 2022 ஜூன் கடைசியில், பொருளாதார நெருக்கடியில் பெற்றோல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று நிறுத்தினார்களே, அப்போதுதான் மீண்டும் ஏறினேன். அப்போது எனக்கு 58 வயது. புதுச் சைக்கிளுக்குத் தீப்பிடித்த விலை, அந்த விலைக்கும் கடையில் இல்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் அகப்பட்டது. பாடசாலை திறந்ததும் ஓய்வுபெறும்வரை அதில்தான் போனேன்.

சரி, பவனி நடந்த ஞாயிறுக்கு வருகிறேன். காலை ஆறரை மணி இருக்கும். சந்தையில் மீனும் முருங்கையிலையும் வாங்கிக்கொண்டு மரைன் டிரைவால் வீட்டுக்கு உழக்கிக்கொண்டிருந்தேன். நிகழ்ச்சிச் சட்டை போட்ட ஒரு பிள்ளை கையை நீட்டி மறித்தது. "அன்ரி, கொஞ்சம் ஓரமாக நில்லுங்கள், சைக்கிள்காரர்கள் வருகிறார்கள்" என்று சிங்களத்தில், மரியாதையாகத்தான் சொன்னது. அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நான் அப்போது சைக்கிளில்தான் இருந்தேன். ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, பவனி முழுவதும் போய் முடியும்வரை கூடையில் மீனோடு நின்றேன்.

உங்கள் கட்டுரையில் "கொழும்புக்கு ஒரு சைக்கிள் கலாசாரம் வேண்டும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். தபால்காரர் எதில் வருகிறார்? லொத்தர் சீட்டுப் பலகையைக் கட்டிக்கொண்டு திரிபவர் எதில் திரிகிறார்? உங்கள் பத்திரிகையை எங்கள் ஒழுங்கையில் மழையென்றும் பாராமல் வீடு வீடாகப் போடுகிறவருடைய சைக்கிளுக்கு முன்பிரேக் இல்லை, ஆறு மாதமாக. அவரை ஒரு படத்திலும் காணவில்லை.

எங்கள் ஒழுங்கை காலி வீதியில் சேரும் இடத்தில் ஒரு கான் மூடி இருக்கிறது. அதன் இரும்புக் கம்பிகள் வீதியின் நீளவாக்கில் ஓடுகின்றன. இடையில் மூன்று விரல் இடைவெளி. சைக்கிள் டயர் அதற்குள் நேராக இறங்கும். 2023 இல் ஒரு மழை நாளில் என் முன்சில்லு அதில் இறங்கி, வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு கிழமை மாவுக்கட்டு. கடைசித் தவணை விடைத்தாள்களை இடது கையால் திருத்தினேன். உரிய இடத்துக்கு இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. குறுக்காக இரண்டு பட்டைக் கம்பி வைத்து ஒட்டிவிட்டால் முடிகிற வேலை அது.

நாங்கள் இருக்கும் மாடிக் குடியிருப்பிலும் கீழே கார்களுக்கு மட்டும்தான் இடம். லிஃப்டில் சைக்கிள் ஏற்றக்கூடாதாம். இரண்டு மாடி தூக்கிக்கொண்டு ஏறுகிறேன்.

ஆகவே, தயவுசெய்து அந்தப் படவரியைத் திருத்தி, அதே பக்கத்தில் போடுங்கள். அத்துடன் உங்கள் பத்திரிகை கேட்டால் மாநகர சபை காது கொடுக்கும் என்று நம்புகிறேன். வெள்ளவத்தைச் சந்தை வாசலில் சைக்கிளைப் பூட்டி வைக்க ஒரு இரும்புக் குழாயாவது நட்டுத் தரச் சொல்லுங்கள். இப்போது மின்கம்பத்தில்தான் பூட்டுகிறேன்.

அந்தக் கான் மூடியைப் படம் எடுக்க யாரையாவது அனுப்புவதென்றால் காலை ஆறு மணிக்கு அனுப்புங்கள். ஏழு மணிக்குப் பிறகு அதன்மேல் எப்போதும் ஒரு வாகனம் நிற்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கொழும்பு 06.