ஆடி பிறப்பதற்குள் ஒரு கடிதம்

பெரியகுளம்,
ஆனி 22

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேரனுக்குக் காய்ச்சல், அதனால் உட்கார்ந்து எழுத முடியவில்லை. இப்போது தேவலை, இன்று காலை இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அந்த வலியோடு மாடி ஏறித்தான் தண்ணீர் ஊற்றுகிறாயா?

மிளகாய் நாற்று இரண்டு இலை விட்டதும் வரிசையாக மடிந்து விழுந்துவிட்டது என்று வருத்தப்பட்டிருந்தாய். தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் நூல்போலச் சுருங்கியிருந்ததா? அப்படியென்றால் அது நாற்றழுகல், மண்ணில் இருக்கும் பூஞ்சையால் வருவது. விதையைக் குறை சொல்லாதே. நெருக்கமாகத் தூவி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினால் நல்ல விதையும் இப்படித்தான் போகும். இந்தத் தடவை விரலால் கோடு கிழித்து, விதைக்கு விதை இடம் விட்டுப் போடு. அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். தொழு உரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி என்கிற, அழுகல் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையைக் கலந்து, 15 நாள் நிழலில் ஈரம் காயாமல் வைத்திருந்து, அப்புறம் தொட்டி மண்ணில் சேர். மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர், அதுவும் பூவாளியில். முளைக்க எட்டு, பத்து நாளாகும். அதற்குள் கிளறிப் பார்க்காதே! சின்ன வயதில் அவரை விதையைத் தினம் தோண்டிப் பார்த்தவள் நீ.

என் பக்கத்துச் சேதி, முருங்கைதான். நம் வீடுகளில் போத்து வெட்டி நட்டுத்தானே பழக்கம்? நான் போன புரட்டாசியில் விதை போட்டு வளர்த்தேன். இங்கே நம் தோட்டக்கலைக் கல்லூரியில் 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.-1 ரகம். ஒன்றரை அடிக் குழி, மக்கிய சாணம், ஒரு குழிக்கு இரண்டு விதை. இரண்டே மாதத்தில் இரண்டரை அடி வந்துவிட்டது. அந்த உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். தளதளவென்று நிற்கிற கொழுந்தைக் கிள்ள எனக்குக் கை வரவில்லை. மூன்று செடியில் கிள்ளினேன், ஒன்றை அப்படியே விட்டேன். விட்டது ஒற்றைக் கம்பாக ஓட்டு மேல் ஏறி, ஆடிக்காற்றுக்கு முன்னாலேயே முறிந்து விழுந்தது. கிள்ளிய மூன்றும் இடுப்புயரத்திலிருந்தே கிளை பிரித்து, பங்குனியில் நின்ற இடத்திலிருந்து கையால் பறிக்கிற மாதிரி காய்த்தன. நுனிக்குருத்தில் ஆக்சின் என்று ஒன்று சுரந்து கீழே இறங்கி, பக்கத்து மொட்டுகளை எழவிடாமல் வைத்திருக்குமாம். நுனி போனால் தூங்குகிற மொட்டெல்லாம் விழித்துக்கொள்கின்றன. காய்ப்பு முடிந்ததும் போன வாரம் மூன்றடி விட்டு வெட்டிவிட்டேன். நாலைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும்.

அந்தத் தைரியத்தில்தான் குண்டுமல்லியிலும் கை வைத்தேன். பூக்கிற செடியில் இரும்பு படக்கூடாது என்பாளே அம்மா, உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் வைத்த செடி அது. நாலு வருடமாகக் கொடியாக ஓடி, உள்ளே காய்ந்த குச்சியாக நின்று, ஒரு சரம் தொடுக்கக்கூடப் பூ கொடுக்கவில்லை. நவம்பர் கடைசியில் சில நாள் தண்ணீரை நிறுத்திவிட்டு, தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு மொத்தத்தையும் கவாத்து செய்தேன். முழங்கால் உயரத்துக்கு வெறும் குச்சிகள். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை, அம்மாவையே வெட்டிவிட்ட மாதிரி இருந்தது. தொழு உரம் போட்டுத் தண்ணீர் விட்டேன். மல்லி புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும். தையில் துளிர்த்து, பங்குனி, சித்திரையில் தினமும் ஒரு கிண்ணம் பூ. அம்மா படத்துக்குப் போட்டதுபோக அடுத்த வீட்டுக்கும் கொடுத்தேன்.

உன் செம்பருத்தி உயரமாகப் போய் உச்சியில் மட்டும் பூக்கிறது என்கிறாயே, அதுவும் இதே கதைதான். மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடு. கணுவுக்குச் சற்று மேலே, வெளிப்பக்கம் பார்க்கிற மொட்டை விட்டு வெட்டு. அப்போதுதான் உள்ளே நெருக்காமல் விரிந்து வரும். மாவுப்பூச்சி இருக்கிற கிளையை அங்கேயே போடாமல் எடுத்துப் போய்விடு.

போன தடவை நீ கேட்ட கத்தரி விதையை அனுப்ப முடியாது. அது கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதை, இரண்டு ரகத்தைக் கலந்து எடுத்தது. அதன் பழத்திலிருந்து எடுத்துப் போட்டேன், ஒன்று நீளம், ஒன்று உருண்டை, ஒன்று கசப்பு என்று ஆளுக்கொரு ஜாதியாக வந்தன. நாட்டுக் கத்தரி ஒன்று இங்கே சந்தையில் சொல்லி வைத்திருக்கிறேன், கிடைத்ததும் அனுப்புகிறேன்.

இந்தக் கவரில் இருப்பது அடுக்கு நீலச் சங்குப்பூ, 20 விதை. தோல் கெட்டி. உப்புத்தாளில் ஓரத்தை லேசாகத் தேய்த்து, ராத்திரி முழுக்க ஊறவை. காலையில் உப்பியிருக்கிறதை மட்டும் நடு. உப்பாததை மறுபடி தேய்த்து ஊறப்போடு. மாடிக் கைப்பிடிச் சுவரில் கயிறு கட்டி ஏற்று, ஆனால் ஒரு சாண் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடு.

கிள்ளினாயா என்று அடுத்த கடிதத்தில் எழுது.

உன்,
கமலா