மாநகராட்சிப் பள்ளி அரங்குகளை மாலை நேரக் கலைப் பயிற்சிக்குத் திறந்துவிடக் கோரி மனு

அனுப்புநர்:
கலைப் பயிற்றுநர்கள் மற்றும் பெற்றோர்,
வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, கொருக்குப்பேட்டை, கண்ணகி நகர், செம்மஞ்சேரி பகுதிகள், சென்னை.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை - 600 003.

பொருள்: இளைஞர் மோதல்களைத் தடுக்க, ஆறு பகுதிகளில் நடனம், பறை, கானா, வீதி நாடகப் பயிற்சி மையங்கள் அமைக்கக் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கண்ட ஆறு பகுதிகளிலும் தலா ஒரு மாநகராட்சிப் பள்ளி அரங்கை வாரம் ஆறு நாள், மாலை 5 மணி முதல் 8.30 வரை கலைப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டுகிறோம். மையம் ஒன்றுக்கு மாதச் சம்பளத்தில் இரண்டு பயிற்றுநர்களும் ஓர் ஒருங்கிணைப்பாளரும் வேண்டும். ஓராண்டு முழுவதும் இடையில் நிறுத்தாமல் நடத்த வேண்டும். 

இந்தப் பகுதிகளின் பெயர் செய்தித்தாளில் வந்தால் வெட்டு, குத்து என்றுதான் வருகிறது. கால்பந்தையும் கேரமையும் குத்துச்சண்டையையும் வளர்த்ததும், இவற்றில் நான்கு பகுதிகள் இருக்கும் இதே வடசென்னைதான். ஆடவும் பறை அடிக்கவும் பையன்கள் வருவார்களா என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. ஆடிக் கூழ் ஊற்றும்போதும் ஆடுகிறார்கள், சாவு ஊர்வலத்திலும் ஆடுகிறார்கள். தினமும் தவறாமல் திறக்கும் ஓர் இடமும், வாரத்துக்கு வாரம் மாறாத ஓர் ஆசிரியரும்தான் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பள்ளிக் கல்வித் துறையின் கலைத் திருவிழாவும், பொங்கலையொட்டி நடக்கும் சென்னை சங்கமமும் நல்ல முயற்சிகள். ஆனால் அந்த மேடைகளில் ஏறுகிறவர்கள் ஏற்கெனவே பள்ளிக்குப் போகிறவர்கள், அல்லது ஏற்கெனவே கலைஞர்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்று, பகலில் லோடு ஏற்றிவிட்டு, மாலையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் பிளாக் முனையில் நிற்கும் பதினாறு வயதுப் பையன் அங்கே போய்ச் சேர்வதில்லை. ஒரு மோதலுக்கு ஆள் கூப்பிட்டால் முதலில் இழுக்கப்படுகிறவன் அவன்தான்.

அவனைச் சேர்ப்பதில்தான் இத்தகைய திட்டங்கள் சறுக்குகின்றன. வெனிசுவேலாவில் 1975இல் தொடங்கிய 'எல் சிஸ்தேமா' இலவச இசைப் பயிற்சித் திட்டத்தை, 16 மையங்களில் 2,914 சிறார்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஆராய்ந்து, 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற பிரிவினரிடம் தன்னடக்கம் சற்றுக் கூடியிருந்தது, நடத்தைச் சிக்கல்கள் சற்றுக் குறைந்திருந்தன. வன்முறையைப் பார்த்து வளர்ந்த ஆண்பிள்ளைகளிடம் பலன் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் ஆய்வு நடந்த வெனிசுவேல மாநிலங்களில் வறுமை 46.5 சதவீதம் இருக்க, ஆய்வில் இருந்த சிறார்களில் ஏழைகள் 16.7 சதவீதம்தான். விண்ணப்பம் வாங்கிச் சேர்த்தால் இங்கேயும் அதுவேதான் நடக்கும். அக்கறையுள்ள பெற்றோரின் பிள்ளைகள் முதல் வாரமே இடத்தை நிரப்பிவிடுவார்கள். ஆகவே மையத்துக்கு 40 இடங்களில் 25 இடங்களைப் பள்ளி இடைநின்றவர்களுக்கும் வழக்கில் சிக்கியவர்களுக்கும் ஒதுக்கி, முதல் நான்கு வாரம் பயிற்றுநர்களே டீக்கடைக்கும் பிளாக்குக்கும் நேரில் போய் அழைக்க வேண்டும்.

ஏரியா பெயரில் அணி அமைக்கவே கூடாது. கண்ணகி நகருக்கு நகரின் பல குடிசைப் பகுதிகளிலிருந்து மக்கள் மாற்றப்பட்டார்கள். பழைய பகையும் கூடவே வந்தது, பிளாக்குக்குப் பிளாக் புதுப் பகையும் முளைத்தது. அங்கே பிளாக் வாரியாக நடனப் போட்டி வைத்தால், தோற்ற அணி வெளியே கேட்டருகே காத்திருக்கும். முதல் ஆறு மாதம் போட்டியும் வேண்டாம், பரிசும் வேண்டாம். அணிகளைக் கலந்து அமைத்து, ஒருவர் தவறினால் மற்றவர் விழும்படியான கூட்டு அடவுகளில் தொடங்க வேண்டும். டி-ஷர்ட்டிலோ ஃபிளெக்ஸிலோ எந்தப் பிரமுகர் படமும் வரக் கூடாது. ஒரு பேருந்துத் தடத்து மாணவர்களுக்குத் தலைவன் என்ற 'ரூட்டு தல' மோகத்தில் பேருந்தின் பக்கவாட்டைத் தட்டி அடுத்த கல்லூரியைச் சீண்டிப் பாடும் மாணவர்களிடமும் தாளம் இருக்கிறது. அதைத் தட்ட வேறு இடம் கொடுக்க வேண்டும்.

கானாவைத் தனியே சொல்ல விரும்புகிறோம். வெட்டுப்பட்டு இறந்த நண்பனுக்காகப் பாடும் இரங்கல் கானாவில், நினைவு நாள் நெருங்க நெருங்க, பதிலுக்குப் பதில் என்று ஒரு வரி சேரும். அது ரீல்ஸில் ஏறும். எதிர்த் தரப்பு அதைப் பார்க்கும். அதற்கடுத்த 'சம்பவம்', அதாவது பழிக்குப் பழி வெட்டு, அங்கிருந்தே தொடங்கிவிடக் கூடும். பாடக் கூடாது என்று தடுத்தால் பாட்டு தெருமுனைக்குப் போகுமே தவிர நிற்காது. விவரம் தெரிந்த கானா ஆசிரியர் பாட்டைத் தாளில் எழுதவைப்பார். டோலக் இல்லாமல், மெட்டு இல்லாமல், வரி வரியாக வாசிக்கச் சொல்வார். செத்தவனின் அம்மா எதிரே உட்கார்ந்திருந்தால் இதில் எந்த வரியைப் பாடுவாய் என்று கேட்பார். பெரும்பாலும் அந்த ஒரு வரியைப் பையனே அடித்துவிடுவான். துக்கம் அப்படியே இருக்கும், சவால் போய்விடும். இதற்கு அந்தப் பகுதியின் சாவையும் வாழ்வையும் அறிந்த ஆசிரியர் வேண்டும். எனவே பயிற்றுநர் தேர்வில் பட்டயச் சான்றிதழைக் கட்டாயமாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். நினைவு நாள் வாரங்களில் மையம் இரவு 9.30 வரை திறந்திருக்கவும் அனுமதி வேண்டும்.

இடமும் கருவியும் பற்றி: 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் இடம்பெற்ற பிரேக்கிங் வகை நடனத்தில்தான் பையன்களுக்கு ஆர்வம் அதிகம். அதைச் சிமெண்ட் தரையில் ஆடினால் மணிக்கட்டும் முட்டியும் வீங்கும். வீங்கியவன் திரும்பி வரமாட்டான். 10 மி.மீ. ரப்பர் விரிப்பின் மேல் 12 மி.மீ. பிளைவுட், அதன் மேல் வினைல் விரிப்பு போதும். 24க்கு 16 அடித் தளத்துக்கு 8க்கு 4 அடிப் பலகை 12 பிடிக்கும். பறையை மட்டும் பள்ளியில் அடிக்க இயலாது. ஒலி மாசு விதிகள் 2000இன்படி பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக இருக்கலாம். ஆகவே பறைக்கு வாரம் மூன்று நாள், அவற்றிலிருந்து தள்ளியிருக்கும் சமுதாய நலக் கூடம் ஒன்று தேவை. 15 பறைகளில் 12 ஃபைபர் முகம் கொண்டவையாக இருக்கட்டும். தோல் பறை ஈரக்காற்றில் தொய்ந்துவிடும், தீயில் காய்ச்ச வேண்டும், கூடத்துக்குள் தீ மூட்ட முடியாது. மீதி மூன்று தோல் பறையாகவே இருக்க வேண்டும். அதன் நாதத்தைக் கேட்காமல் பறை கற்றதாகாது.

சாவிதான் பெரிய தடை. வாய்மொழி அனுமதி இருந்தாலும், ஒரு சுவிட்சு உடைந்தால் தன்னைத்தான் கேட்பார்கள் என்று தலைமையாசிரியர் தயங்குவார்; அது நியாயம்தான். மாலை 5 மணிக்குப் பிறகு அரங்குக்கும் பொருள்களுக்கும் ஒருங்கிணைப்பாளரே பொறுப்பு என்று எழுத்துப்பூர்வச் சுற்றறிக்கை வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் பள்ளிகள் நிவாரண முகாமாகும்போது மையம் எங்கே நடக்கும் என்பதையும் அதே சுற்றறிக்கையில் குறிப்பிட வேண்டும். அக்டோபரில் மூடிய மையத்துக்கு ஜனவரியில் பாதிப் பேர்கூடத் திரும்புவதில்லை.

பெண்பிள்ளைகளுக்கு மாலை 5 முதல் 6.15 வரை தனி வகுப்பும், இரு பயிற்றுநர்களில் ஒருவர் பெண்ணாக இருப்பதும் அவசியம்.

காவல் துறையின் சிறார் மன்றங்கள் அவற்றின் பணியைத் தொடரட்டும். இந்த மையங்களுக்குச் சீருடையில் யாரும் வர வேண்டாம், வருகைப் பதிவேட்டையும் கேட்க வேண்டாம். ஒருமுறை கேட்டுவிட்டால் மறுநாள் கூடம் காலியாகிவிடும். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 சட்டத்துடன் முரண்பட்ட சிறாரின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கிறது. ஆகவே யார் வழக்கில் சிக்கியவர், யார் பள்ளி இடைநின்றவர் என்பது பதிவேட்டில் இருக்கவே கூடாது. பயிற்றுநர்கள் அனைவரின் பின்புலமும், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தை மனத்தில் கொண்டு சரிபார்க்கப்பட வேண்டும். சிறார் உதவி எண் 1098 சுவரில் பெரிதாக எழுதப்பட வேண்டும்.

எங்கள் மதிப்பீட்டில் ஒரு மையத்துக்கு மாதச் செலவு ரூ. 80,000: பயிற்றுநர் இருவருக்கு 40,000, ஒருங்கிணைப்பாளருக்கு 18,000, 40 பேருக்குச் சுண்டல், வாழைப்பழம் நாளொன்றுக்கு ரூ. 15 வீதம் 26 நாளுக்கு 15,600, மின்சாரம், பழுதுபார்ப்புக்கு 6,400. ஆறு மையங்களுக்கு ஆண்டுக்கு ரூ. 57,60,000. தளம், கருவிகளுக்கு ஒருமுறைச் செலவு மையத்துக்கு ரூ. 1,50,000 வீதம் ரூ. 9,00,000. ஆக மொத்தம் ரூ. 66,60,000. சம்பளம் மாதந்தோறும் 5ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் ஆடியிலும் தையிலும் பயிற்றுநர் கச்சேரிக்குப் போவதைத் தவிர வேறு வழியிருக்காது. ஆசிரியர் வராத மூன்றாம் நாளே பையன்கள் கலைந்துவிடுவார்கள்.

திட்டத்தின் பலனை மேடையேறிய நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையால் அளக்க வேண்டாம். 15 முதல் 19 வயதுள்ளோர் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள், எத்தனை பேர் பள்ளிக்கோ ஐடிஐக்கோ திரும்பினார்கள் என்ற இரண்டு கணக்குகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தங்கள் அலுவலகத்துக்கு அளிக்கிறோம்.

பையன்கள் நாள் முழுக்கத் தெருவில் இருக்கும் மே மாத விடுமுறையிலேயே மையங்கள் தொடங்கும்படி, ஏப்ரல் மாதத்துக்குள் ஆணை பிறப்பிக்கவும், அதற்கு முன் எங்கள் பிரதிநிதிகளை நேரில் சந்திக்க நேரம் ஒதுக்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆறு பகுதிகளின் கலைப் பயிற்றுநர்கள், பெற்றோர்

இடம்: சென்னை

நகல்: இயக்குநர், கலை பண்பாட்டுத் துறை, சென்னை.