டாக்கோவுக்கு எந்தச் சோள மாவு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில், மின்சாரத்தில் மெதுவாக வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் மாட்டுக்கறி டாக்கோ, அதாவது ரொட்டியில் கறியை வைத்து மடித்துச் சாப்பிடும் மெக்சிகோ பலகாரம், செய்வது எப்படி என்று ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் மாட்டுக்கறிச் சமையலை நான் அதிகம் பார்த்ததில்லை. அதற்கு முதலில் நன்றி. எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மாட்டுக்கறியும்தான். இப்போது 14 வருடமாக டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோவில் குடியிருக்கிறேன். இந்த ஊரில் பாதிப் பேருக்குக் காலைச் சாப்பாடே டாக்கோதான். அதனால் உங்கள் பக்கத்தை ஆசையாகப் படித்தேன். படித்து முடித்ததும் மூன்று இடங்களில் மனசு உறுத்தியது. அதில் ஒன்று ஆபத்தானது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ராத்திரி ஊறவைத்த ராஜ்மாவை அப்படியே கறியோடு குக்கரில் போட்டு, 'லோ'வில், அதாவது குறைந்த சூட்டில், எட்டு மணி நேரம் விடச் சொல்லியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதைத் திருத்திப் போடுங்கள். சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. தளதளவென்று கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கர் கொதிநிலைக்குப் பக்கத்தில் போகவே பல மணி நேரம் ஆகும், சில குக்கர்கள் 'லோ'வில் கடைசிவரை அங்கே போவதே இல்லை. பயறு பார்க்க வெந்ததுபோல் இருக்கும், நஞ்சு உள்ளேயே இருக்கும். அரைகுறைச் சூட்டில் அது கூடவும் செய்யும். நாலைந்து பயறு போதும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் வாந்தி தொடங்கிவிடும். இங்கே வந்த முதல் வருடம், ஒரு சமையல் குறிப்பை நம்பி நானே இப்படிச் செய்தேன். நானும் கணவரும் ராத்திரி முழுக்க மாறி மாறிக் குளியலறைக்கு ஓடினோம். குழந்தைக்கு அன்று தயிர்ச்சோறு கொடுத்திருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால்தான் எனக்கு மூச்சு வருகிறது.

ராஜ்மாவை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகே எதிலும் சேர்க்க வேண்டும். நம் பிரஷர் குக்கரில் வேகவைத்தால் இந்தப் பயமே இல்லை. அதோடு, நான் பார்த்த மெக்சிகோக்காரர்கள் யாரும் டாக்கோக் கறிக்குள் பயறைப் போட்டு வேகவைப்பதில்லை. அது தனிப் பானையில், தனிக் குழம்பாக, பக்கத்தில் இருக்கும்.

இனி மிளகாய்க்கு வருகிறேன். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா. வயது எழுபதுக்கு மேல். மெக்சிகோவின் வடக்கே கோவாவிலா மாநிலத்தில் பிறந்தவர். என்னை 'மிஹா' என்றுதான் கூப்பிடுவார். மகளே என்று அர்த்தம். எங்கள் ஊரில் 'மக்களே' என்று கூப்பிடுவார்களே, காதில் அப்படியே விழும். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருடைய அப்பா தரையில் குழி வெட்டி, விறகு எரித்துக் கங்காக்கி, மாட்டுத்தலையைச் சுற்றிக்கட்டி உள்ளே இறக்கி, மண் போட்டு மூடிவிடுவாராம். சனிக்கிழமை ராத்திரி மூடினால் ஞாயிறு காலையில் திறப்பது. அதுதான் பார்பகோவா. சான் அன்டோனியோவில் இன்றும் ஞாயிறு காலையில் பார்பகோவா வாங்கக் கடைவாசலில் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அந்த அம்மாவுக்கு இப்போது குழியும் இல்லை, விறகும் இல்லை. ஸ்லோ குக்கரைத்தான் குழி என்கிறார்.

அவர் சொல்வது சரிதான் என்று நினைக்கிறேன். இந்தக் குக்கரைக் கண்டுபிடித்து 1940-ல் காப்புரிமை வாங்கிய இர்விங் நாக்ஸன், தன் அம்மா சொன்ன கதையிலிருந்துதான் அந்த யோசனையைப் பிடித்தார் என்பார்கள். லித்துவேனியாவில் யூதக் குடும்பங்கள் ஓய்வுநாளுக்கு முந்தின சாயங்காலமே கறிப்பானையை ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிட்டு வருவார்களாம். அடுப்பின் மிச்சச் சூட்டிலேயே விடியவிடிய வேகும். க்ராக்பாட் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது 1971-ல்.

நீங்கள் இரண்டு ஸ்பூன் மிளகாய்த்தூளும் அரை கப் தக்காளி சாஸும் போடச் சொல்லியிருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் காரமும் இனிப்பும் வரும், டாக்கோவின் வாசம் வராது. அந்த வாசம் முழுக்கக் காய்ந்த மிளகாயில் இருக்கிறது. குவாஹியோ என்று ஒரு நீள மிளகாய், நல்ல சிவப்பு, காரம் கம்மி. ஆஞ்சோ என்று இன்னொன்று, கருத்துச் சுருங்கி உலர்திராட்சை மாதிரி இருக்கும், அதே இனிப்பு வாசனை. சிப்போட்லே என்பது பழுத்த ஹலப்பேனோ மிளகாயைப் புகையில் காயவைத்தது.

முதல் தடவை அந்த அம்மா செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆறு குவாஹியோ, மூன்று ஆஞ்சோ எடுத்தார். காம்பைக் கிள்ளி, கத்திரியால் நெடுக வெட்டி, விதையைத் தட்டி எடுத்துவிட்டு, புத்தகம் மாதிரி விரித்துவைத்தார். கோமால் என்கிற இரும்புக்கல், நம் தோசைக்கல்லேதான், சூடாகக் காய்ந்திருந்தது. மிளகாயைப் போட்டுக் கரண்டியால் ஓர் அழுத்து. தோல் லேசாகக் கொப்பளித்து நிறம் மாறியது. உடனே திருப்பினார். பக்கத்துக்கு ஐந்தாறு நொடிதான் இருக்கும். நான் நம் ஊர்ப் பழக்கத்தில், மிளகாய் கருக வேண்டாமா என்று கேட்டேன். கருகினால் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுசாகத் தொடங்கு மிஹா, ஒன்று கருகினாலும் சட்டி முழுக்கக் கசக்கும் என்றார். அப்புறம் வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவிட்டார். தோல் ஈரமான தோல்பை மாதிரி மெத்தென்று ஆனதும் ஆறு பல் பூண்டு, அரை வெங்காயம், இரண்டு கிராம்பு, அரை ஸ்பூன் சீரகம், கொஞ்சம் மெக்சிகன் ஒரிகானோ, இரண்டு மேசைக்கரண்டி வினிகர், உப்பு எல்லாம் சேர்த்து அரைத்தார். அரைத்ததை வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து இறக்கினார். வடிகட்டியில் சக்கையாக நின்ற தோலைத் தூக்கிப் போட்டார். கீழே இறங்கிய விழுது செங்கல் நிறத்தில், வெண்ணெய் மாதிரி இருந்தது. இந்த வடிகட்டும் வேலையைச் சோம்பேறித்தனத்தில் நான் இரண்டு தடவை விட்டுப் பார்த்தேன். தோல் நாக்கில் ஒட்டியது.

ஊரில் இந்த மிளகாய் கிடைக்காவிட்டால் பியாடகி மிளகாயைப் போடலாம். நிறமும் மிதமான காரமும் ஓரளவு ஒத்துவரும். ஆஞ்சோவுக்கு ஈடாக நான் ஒன்றையும் கண்டதில்லை. குண்டு மிளகாயை மட்டும் போட்டுவிடாதீர்கள், அது வேறு குணம். மிளகாயே மெக்சிகோ பக்கத்திலிருந்து கப்பலேறி நம்மிடம் வந்ததுதான். நாம் அதைத் தூளாக்கிக் காரத்துக்கு வைத்துக்கொண்டோம், அவர்கள் அதைக் காய்கறி போல் குழம்பின் உடம்பாகவே வைத்திருக்கிறார்கள்.

கறியைப் பற்றி நீங்கள் எழுதியது பெரும்பாலும் சரி. தோள்பகுதிக் கறி, ஒன்றரைக் கிலோ, பெரிய துண்டுகளாக. இங்கே சக் ரோஸ்ட் என்பார்கள். கொழுப்பும் சவ்வும் ஓடும் கறிதான் வேண்டும், மெதுவாக வேகும்போது அந்தச் சவ்வு கரைந்து குழம்பைப் பிசுபிசுப்பாக்கும். உறைந்த கறியை அப்படியே குக்கரில் போடக் கூடாது. தண்ணீர் இரண்டு கப் எல்லாம் தேவையில்லை, அரை கப் போதும். மூடியிலிருந்து ஆவி அவ்வளவாக வெளியே போகாது, கறியே தண்ணீர் விடும். 'லோ'வில் எட்டு ஒன்பது மணி நேரம். கரண்ட் போகும் ஊரில் இருப்பவர்கள் இதை ராத்திரி வைத்துவிட்டுத் தூங்க வேண்டாம். நடுவில் ஆறிப்போன கறியைக் காலையில் மறுபடி சூடாக்கிச் சாப்பிடுவது நல்லதில்லை. அடிகனமான பாத்திரத்தில் சின்னத் தீயில் மூன்றரை மணி நேரம் வைத்தாலும் அதே பதம் வரும். முள்கரண்டியால் இழுத்தால் நார் நாராகப் பிரிய வேண்டும், அதுதான் கணக்கு.

இப்போது என் பெரிய மனக்குறை. 'சோள மாவில் சப்பாத்தி போல் இட்டுக்கொள்ளவும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எந்தச் சோள மாவு? நம் ஊர்க் கடையில் சோள மாவு என்று கேட்டால் ஒருவர் வெள்ளைச்சோள மாவைத் தருவார், இன்னொருவர் சூப்புக்குக் கரைத்து ஊற்றும் கார்ன்ஃப்ளோரைத் தருவார், வேறொருவர் மஞ்சள் மக்காச்சோள மாவைத் தருவார். மூன்றில் எதிலும் டோர்டியா, அதாவது டாக்கோவுக்கான ரொட்டி, வராது. மக்காச்சோள மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இடும்போதே ஓரம் பிளந்து, கல்லில் போட்டால் உடைந்துபோகும். போன வாரம் உங்கள் பக்கத்தைப் பார்த்துச் செய்துவிட்டு எத்தனை வீட்டில் பெண்கள் தங்கள் கையைக் குறை சொல்லிக்கொண்டார்களோ. குறை கையில் இல்லை, மாவில்.

டோர்டியா மாவுக்கு மக்காச்சோளத்தை முதலில் சுண்ணாம்பு நீரில் வேகவைக்க வேண்டும். நீஷ்தமால் என்று பெயர், மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டிலில் சாம்பலையும் மாவையும் சேர்த்துச் சொன்ன சொல். பழங்காலத்தில் சாம்பலும் பயன்படுத்தினார்கள். ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்குச் சமையலுக்கென்று விற்கும் சுண்ணாம்பு 10 கிராம், மூன்று லிட்டர் தண்ணீர். முக்கால் மணி நேரம் மெல்லக் காய்ச்சி, ராத்திரி முழுக்க அப்படியே மூடிவைக்க வேண்டும். காலையில் கையால் கசக்கினால் மணியின் தோல் வழுவழுவென்று கழன்று வரும். கழுவி அரைத்தால், பசை இல்லாத அந்தச் சோளம் பிசைந்த மாவாகக் கூடி நிற்கும். அந்த அம்மா சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிரித்தபோது எனக்குப் பாட்டியின் வெற்றிலைப் பெட்டி வாசனைதான் வந்தது. கண் கலங்கிவிட்டது.

சுண்ணாம்பால் மாவு கூடுவது மட்டும் இல்லை. மக்காச்சோளத்தில் இருக்கும் நியாசின் என்கிற வைட்டமின் அப்போதுதான் உடம்பில் சேரும். ஐரோப்பாக்காரர்கள் சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பு முறையைக் கொண்டுபோகவில்லை. வடக்கு இத்தாலியில் சோளக்களியையே தின்று வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் உரிந்து, புத்தி பேதலிக்கும் பெலாக்ரா நோய் வந்தது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் ஆயிரக்கணக்கானோர் இதனால் செத்தார்கள். அது தொற்றுநோய் இல்லை, சாப்பாட்டுக் குறை என்று டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர் காட்டிய பிறகும் பலர் நம்ப மறுத்தார்கள். மெக்சிகோவின் பாட்டிமார்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த ஒரு வேலையை 'சோள மாவு' என்ற இரண்டு சொல்லில் தாண்டிப்போவது எனக்குப் பொறுக்கவில்லை.

என்னிடம் 110 வோல்ட்டில் ஓடும் கோயம்புத்தூர் கிரைண்டர் ஒன்று இருக்கிறது. வெந்த சோளத்தை அதில் போட்டு அரைத்துப் பார்த்தேன். தண்ணீர் தெளிக்காமல் கல் சுற்றாது, தெளித்தால் தோசை மாவாகிவிடுகிறது. கடையில் விற்கும் காய்ந்த டோர்டியா மாவைச் சேர்த்துப் பிசைந்து சரிசெய்தேன். அந்த அம்மா கிரைண்டருக்குள் எட்டிப் பார்த்துக் கல்லைத் தடவி, 'மெட்டாட்டே' என்றார். அவர் பாட்டி வீட்டு அம்மியின் பெயர் அது.

இவ்வளவு வேலை எல்லோருக்கும் முடியாது, தெரியும். நீஷ்தமால் செய்து காயவைத்து அரைத்த மாவே மாஸா ஹரினா என்று பொட்டலமாக வருகிறது. மெக்சிகோவில் 1949-லேயே மசேகா நிறுவனம் தொடங்கிவிட்டது. வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடைகளிலும் ஆன்லைனிலும் தேடிப் பாருங்கள். இரண்டு கப் மாவுக்கு ஒன்றரைக் கப் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. எலுமிச்சை அளவு உருட்டி, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்துத் தட்டால் அழுத்தினால் போதும். எண்ணெய் வேண்டாம். சூடான கல்லில் முதலில் அரை நிமிடம், திருப்பி ஒரு நிமிடம், மறுபடி திருப்பினால் நடுவில் புல்கா மாதிரி உப்பும். எடுத்துத் துணியில் சுற்றிவைக்க வேண்டும். அந்த ஆவியிலேதான் அது மெத்தென்று ஆகும். மாஸா கிடைக்கவில்லையா, தைரியமாக மைதாவிலோ கோதுமையிலோ செய்யுங்கள். மெக்சிகோவின் வடக்கே கோதுமை டோர்டியா வழிவழியாக இருப்பதுதான், அந்த அம்மா வீட்டிலும் உண்டு. அப்படியே எழுதியிருந்தால் ஒரு குறையும் இல்லை.

மேலே சீஸும் மயோனைஸும் வேண்டாம். பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை போதும். பச்சைச் சட்னிக்கு அவர்கள் போடும் டொமாட்டியோ, வேலியோரம் நாம் பறித்து உடைத்து விளையாடும் சொடக்குத் தக்காளிக்குப் பெரிய உறவு. ஊரில் அது பழுத்துக் கிடக்கும் காலத்தில் யாராவது பச்சை மிளகாயோடு வாட்டி அரைத்துப் பார்த்து எழுதினால் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருக்கும்.

மற்றதெல்லாம் இடம் இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். ராஜ்மா திருத்தத்தை மட்டும் இந்த ஞாயிறே, செய்முறை வந்த அதே பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
சான் அன்டோனியோ, டெக்சாஸ்