அடுத்தவர் தட்டில் விழும் கண்

அன்புள்ள நண்பா,

நலம்தானே? உன் கடிதம் வந்தது. மருமகனின் அலுவலக விருந்தில் முள்கரண்டியோடு நீ பட்ட பாட்டைப் படித்து முதலில் சிரித்துவிட்டேன். எதிரே இருந்த பெண் உன் தட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கிசுகிசுத்தாள் என்ற வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றிலிருந்து வெளியே சாப்பிடக் கூப்பிட்டாலே தயங்குகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ரொம்ப அநியாயம்டா இது. ஓய்வு பெற்ற பிறகு நான் சாப்பாட்டு வரலாறாகத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

முள்கரண்டி ஐரோப்பாவுக்குள் நுழைந்தபோது கேலிக்கு ஆளானவர்கள் அதைப் பிடிக்கத் தெரிந்தவர்கள்தான். 11ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகர ஆட்சியாளர் ஒருவருக்கு பைசாந்தியத்திலிருந்து (அன்றைய கிழக்கு ரோமப் பேரரசு) ஒரு பெண் மனைவியாக வந்தாள். அவள் உணவைக் கையால் தொடமாட்டாளாம். பணியாட்கள் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கிக் கொடுக்க, பொன்னாலான இரண்டு பல் முள்கரண்டியால் குத்தி எடுத்து வாயில் வைப்பாளாம். பீட்டர் டேமியன் என்ற துறவிக்கு இது பொறுக்கவில்லை. பிறகு அவள் உடல் அழுகும் நோயில் இறந்தபோது, அந்தப் பகட்டுக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்றே எழுதிவைத்துவிட்டார். அப்புறம் தாமஸ் கோரியாட் என்ற ஆங்கிலேயர். 1608இல் இத்தாலியைச் சுற்றிப் பார்த்தவர், முள்கரண்டிப் பழக்கத்தோடு ஊர் திரும்பினார். கூட்டாளிகளே பட்டப்பெயர் வைத்துக் கிண்டல் செய்தார்கள்.

இத்தாலியர்கள் ஏன் முள்கரண்டி பிடிக்கிறார்கள் என்பதற்கு கோரியாட் சொன்ன காரணம், எல்லாருடைய விரலும் ஒரே மாதிரி சுத்தமாக இருப்பதில்லை என்பது. இதைப் பிடித்துக்கொண்டு, மேசை நாகரிகம் முழுவதும் சுகாதாரத்துக்காக வந்தது என்று சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அழுக்கு எல்லாக் காலத்திலும் கண்ணுக்குத் தெரிந்ததுதான். ஆனால் கிருமிகளால் நோய் வருகிறது என்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் நிலைநாட்டப்பட்டது. மேல்தட்டு மேசைகளில் அதற்கு வெகு முன்பே முள்கரண்டி வந்து உட்கார்ந்துவிட்டது.

கையால் சாப்பிட்ட காலத்தில் முறையே இல்லை என்றும் நினைத்துவிடாதே. 1530இல் எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் சிறுவர்களுக்கு நல்ல நடத்தை சொல்லிக்கொடுக்க லத்தீனில் ஒரு சிறுநூல் எழுதினார். உட்கார்ந்ததும் உட்காராததுமாகப் பொதுத் தட்டில் கையை விடுவது ஓநாய் செய்கிற வேலை என்கிறார். பிசுக்கு விரலை நக்கக் கூடாது, சட்டையில் துடைக்கக் கூடாது, மேசை விரிப்பில் துடைத்துக்கொள்ளலாம்! இன்றைக்கு நீ அந்த விருந்தில் விரிப்பில் கையைத் துடைத்திருந்தால் அந்தப் பெண் என்ன செய்திருப்பாள் என்று நினைத்துப் பார். பதினான்காம் லூயி மன்னர் 1669இல் கூர்முனைக் கத்திக்குத் தடை போட்டவர். அவரே கடைசிவரை விரல்களால்தான் சாப்பிட்டார். பிரான்சின் அரசரைப் பார்த்து யார் கிசுகிசுப்பது?

எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதில்தான் இந்த ஏளனம் என்றில்லை, எதைச் சாப்பிடுகிறோம் என்பதிலும் உண்டு. ரொட்டியை எடுத்துக்கொள். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக வெள்ளை ரொட்டி என்றால் பணக்காரர் வீட்டு ரொட்டி. மாவைத் துணியில் திரும்பத் திரும்பச் சலித்துத் தவிட்டை நீக்க வேண்டும். வேலையும் அதிகம், கடைசியில் கையில் நிற்கும் மாவும் குறைவு. பார்லி, ரை என்ற தானியம், தவிடு கலந்த கறுப்பு ரொட்டி ஏழைக்கு. ஒருவர் கையிலிருக்கும் ரொட்டியின் நிறத்தைப் பார்த்தே அவர் யார் என்று சொல்லிவிடலாம். 1830களில் சில்வெஸ்டர் கிரஹாம் என்ற அமெரிக்கப் போதகர் தவிடு நீக்காத ரொட்டிதான் உடம்புக்கு நல்லது என்று ஊர் ஊராகப் பேசினார். 1837இல் பாஸ்டனில் ரொட்டி சுடுகிறவர்களும் இறைச்சிக் கடைக்காரர்களும் அவர் கூட்டத்துக்கு எதிராகக் கலவரமே செய்தார்கள் (ஆள் இறைச்சியும் கூடாது என்று சொன்னவர்). 1870களுக்குப் பிறகு கோதுமையை அரைக்கும் எஃகு உருளை ஆலைகள் பரவின. வெள்ளை மாவு மலிந்து எல்லார் வீட்டுக்கும் வந்தது. அவ்வளவுதான், வெள்ளை ரொட்டியின் மவுசு போயிற்று. இன்று கூடுதல் காசு கொடுத்துப் பழுப்பு ரொட்டி வாங்குகிறவர்கள், வெள்ளை ரொட்டி சாப்பிடுகிறவரைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறார்கள். தவிடு நல்லதுதான், நான் மறுக்கவில்லை. உச்சுக்கொட்டுவதைத்தான் சொல்கிறேன்.

பிளினி என்ற ரோமானியர் ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன் தன் இளைய நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தைப் படித்தபோது உன் ஞாபகம்தான் வந்தது. ஒரு வீட்டில் விருந்து. வீட்டுக்காரருக்கும் வேண்டிய சிலருக்கும் முதல் தரமான உணவு, மற்றவர்களுக்கு மட்டமானது. மதுவையும் சின்னக் குடுவைகளில் மூன்று தரமாகப் பிரித்திருந்தாராம்: தனக்கும் பெரிய மனிதர்களுக்கும் ஒன்று, அடுத்த படி நண்பர்களுக்கு ஒன்று, அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்களுக்கு ஒன்று. பக்கத்தில் இருந்தவர் பிளினியிடம், நீங்கள் உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார். எல்லாருக்கும் ஒரே மாதிரிதான், நான் கூப்பிடுவது சாப்பிட, தரம் பிரிக்க இல்லை என்கிறார் பிளினி. செலவு அதிகமாகுமே என்றதற்கு, ஆகாது, அவர்கள் நான் குடிப்பதைக் குடிப்பதில்லை, அவர்கள் குடிப்பதை நான் குடிக்கிறேன் என்று பதில். இப்படி ஒரு வீட்டுக்காரர் உனக்கு அன்றைக்கு வாய்த்திருக்க வேண்டும்.

எல்லா மேசையிலும் பிளினி இல்லை. 1960 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரத்தில் நான்கு கறுப்பின மாணவர்கள் ஒரு கடையின் சாப்பாட்டு மேடையில் போய் உட்கார்ந்தார்கள். அதே கடையில் அவர்கள் சாமான் வாங்கலாம், காசை வாங்கிக்கொள்வார்கள். அங்கே உட்கார்ந்து காபி கேட்டால் மட்டும் கொடுக்கமாட்டார்கள். மாணவர்கள் எழுந்து போகவில்லை, கடை மூடும்வரை இருந்தார்கள். அடுத்த நாள் இன்னும் சிலரோடு வந்தார்கள். பல ஊர்களுக்கு அந்தப் போராட்டம் பரவி, ஜூலையில் அந்தக் கடை வழிக்கு வந்தது. கூட உட்கார்ந்து சாப்பிடுவது என்று வரும்போதுதான் மனிதனின் உண்மையான குணம் தெரிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது அந்தக் கண் தட்டிலிருந்து நகர்ந்து உடம்பின் மேல் விழுகிறது. என் மகன் ஒரு கவளம் வாயில் போடுவதற்கு முன் கைபேசியில் கலோரியைப் பதிவு செய்கிறான். 1890களில் அமெரிக்காவில் அட்வாட்டர் என்ற விஞ்ஞானி ஓர் ஆளை நாட்கணக்கில் ஒரு சிறு அறைக்குள் இருக்கவைத்து அவர் உடல் வெளியிடும் வெப்பத்தை அளந்தார். அது நல்ல அறிவியல். 1918இல் லூலூ ஹண்ட் பீட்டர்ஸ் என்ற மருத்துவர் அந்தக் கலோரிக் கணக்கை வீட்டுக்குள் கொண்டுவந்தார். இனி ஒரு துண்டு ரொட்டி என்று சொல்லாதீர்கள், 100 கலோரி ரொட்டி என்று சொல்லுங்கள் என்றார். முதல் உலகப் போர்க்காலம் வேறு, உணவை உடம்பிலேயே கொழுப்பாகப் பதுக்குகிறவர்களை ஒரு பிடி பிடித்தார். அன்று பகட்டு பாவம், இன்று பருமன் பாவம். மகனிடம் இதைச் சொன்னேன். "அப்பா, இது எத்தனை கலோரின்னு மட்டும் சொல்லுங்க" என்றான்.

என் சர்க்கரை அளவு முன்பைவிடப் பரவாயில்லை. முதலாம் எலிசபெத் அரசியின் பற்கள் கறுத்திருப்பதை 1598இல் பார்த்த ஒரு ஜெர்மானியப் பயணி, ஆங்கிலேயர்கள் சர்க்கரையை அதிகம் தின்பதால் வருகிற குறை என்று எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் வசதியானவர்களுக்கு மட்டுமே கட்டுப்படியான சரக்கு அது. என் மருத்துவரிடம் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை, மாத்திரையையும் குறைக்கவில்லை.

என் மனைவிக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, இப்போது என்னைவிட நன்றாகப் பார்க்கிறாள். உன் தம்பியின் புது முகவரியை மறக்காமல் அனுப்பு, அவனுக்கும் எழுத வேண்டும். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்